யாரும் ஏறாத சாய்தளம்: கல்லூரி விளம்பரங்களில் மாற்றுத்திறனாளி மாணவர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எந்தப் பேப்பரைத் திறந்தாலும் கல்லூரி விளம்பரம்தான். மேலே நிறுவனர் படம், நடுவில் கண்ணாடிக் கட்டடம், கீழே லேப்டாப்போடு சிரிக்கும் நாலு பேர், ஓரத்தில் எத்தனை லட்சம் பேக்கேஜ் என்று கொட்டை எழுத்து. அந்த நாலு பேரில் ஒருவர் கையில் வெள்ளைக்கோல் இருந்து நான் பார்த்ததில்லை. ஊன்றுகோல் இல்லை, காதில் கருவி இல்லை.

அப்படியென்றால் கல்லூரிகள் இவர்களைக் காட்டுவதே இல்லையா? காட்டுகின்றன. ஆனால் வேறு இடத்தில், வேறு வாசகருக்கு. கொஞ்ச நாளாக அந்த இடத்தைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

கல்லூரி இணையதளங்களில் 'நாக்' என்றோ 'ஐக்யூஏசி' என்றோ ஒரு பட்டன் இருக்கும். நாக் தர மதிப்பீட்டின் 7வது அளவுகோலின் கீழ், வளாகம் மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையில்லாமல் இருக்கிறதா என்று ஒரு கேள்வி இருந்தது. சாய்தளம், லிஃப்ட், கழிப்பறை, வழிகாட்டும் பலகை, திரைவாசிப்பு மென்பொருள், தேர்வெழுத உதவியாளர் என்று போகும் பட்டியல். இதற்கு ஆதாரமாகக் கேட்கப்பட்டவற்றில் முக்கியமானது ஜியோடேக் செய்த புகைப்படம். அதனால் கல்லூரிக்குக் கல்லூரி ஒரே மாதிரி பிடிஎஃப். மூலையில் சின்ன வரைபடம், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம். படத்தில் ஒரு சாய்தளம். அடுத்ததில் லிஃப்ட் கதவு. அடுத்ததில் கைப்பிடி வைத்த வெஸ்டர்ன் டாய்லெட். அப்புறம் ஆபீஸ் வராந்தாவில் ஒரு சக்கர நாற்காலி.

எதிலும் ஆள் இல்லை. பெரும்பாலும் காலியான நாற்காலிதான். எங்காவது யாராவது உட்கார்ந்திருந்தாலும், படத்துக்காக உட்கார்ந்தவர் என்பது அவர் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே தெரிகிறது. (உலகம் முழுக்க நாம் பார்க்கும் சக்கர நாற்காலிச் சின்னத்தை 1968ல் வரைந்தவர் சுசான் கோஃபோட் என்ற டென்மார்க் மாணவி. அவர் முதலில் வரைந்ததில் தலை இல்லை, வெறும் நாற்காலிதான். மனிதர் என்று தெரிவதற்காகத் தலையைப் பின்னால் சேர்த்தார்கள். நம் பிடிஎஃப்கள் அந்த முதல் வரைவிலேயே நிற்கின்றன.)

அந்த நாற்காலியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் ஆஸ்பத்திரி நாற்காலி, பின்னாலிருந்து யாராவது தள்ளுவதற்கென்று செய்தது. முதுகில் கல்லூரிப் பெயர் எழுதியிருக்கும். தினமும் சக்கர நாற்காலியில் வாழ்கிற மாணவர் தன் நாற்காலியோடுதான் வருவார். அவருக்குத் தேவை பாதை. கல்லூரி நாற்காலி வாங்கி வைத்திருப்பது மயக்கம் போட்டு விழுந்தவருக்கும், பட்டமளிப்பு விழாவுக்கு வரும் பாட்டிக்கும் உதவும். நல்ல விஷயம்தான், ஆனால் அது மாணவர் சேர்க்கைக்கான ஏற்பாடு ஆகாது.

சாய்தளமும் அப்படித்தான். இந்திய விதிமுறைப்படி சரிவு 1:12 இருக்கணும். மூணு படி, படிக்கு 6 அங்குலம் என்றால் ஒன்றரை அடி உயரம். அதற்கு 18 அடி நீளம் தேவை. படத்தில் தெரியும் பல சாய்தளங்கள் படிக்கட்டு நீளத்திலேயே முடிந்துவிடுகின்றன. பைக் ஏற்றலாம். நேர் எதிரே நின்று எடுத்தால் சரிவு எவ்வளவு என்பதே தெரியாது. அட்சரேகை துல்லியமாக இருக்கிறது, சாய்வுதான் தெரியவில்லை.

என்ஐஆர்எஃப் தரவரிசைக்குக் கொடுக்கும் தகவல்களையும் கல்லூரிகள் தளத்தில் வெளியிட்டாகணும். அதன் கடைசிப் பக்கங்களில் மூணு கேள்வி: கட்டடங்களில் லிஃப்ட் அல்லது சாய்தளம் உண்டா, நடக்க உதவும் கருவிகளும் போக்குவரத்தும் உண்டா, தனிக் கழிப்பறை உண்டா. "80 சதவீதத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களில் உண்டு" என்பது அலுக்காமல் திரும்பத் திரும்ப வரும் பதில். தரவரிசைக் கணக்கில் இந்தப் பகுதிக்கு 100க்கு 2 மதிப்பெண். அந்த இரண்டைப் பெற ஒரு மாணவர்கூடச் சேர்ந்திருக்க வேண்டியதில்லை.

ஆள் வருகிற படமும் ஒன்று உண்டு. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம். அன்று ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு மாணவி, கையில் கேடயம், பக்கத்தில் முதல்வர். "குறையை நிறையாக்கியவர்", "தன்னம்பிக்கை இருந்தால் தடையில்லை" என்று தலைப்பு. ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங், அவரே சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், 2014ல் சிட்னி டெட்எக்ஸ் மேடையில் இந்த வகைப் படங்களை 'உத்வேக ஆபாசம்' என்று சொல்லிப் பிரித்து மேய்ந்தார். எத்தனை புன்னகைத்தாலும் படிக்கட்டு சாய்தளமாக மாறாது என்பது அவர் வாதங்களில் ஒன்று. அதோடு நான் ஒன்று சேர்ப்பேன். இந்தத் தலைப்பு கல்லூரியின் பொறுப்பை நைசாக மாணவி தலையில் வைக்கிறது. தன்னம்பிக்கையால் மாடி ஏறினார் என்றால், லிஃப்ட் ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை.

2000ல் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகம் தன் விண்ணப்பக் கையேட்டின் அட்டையில், கால்பந்து ரசிகர் கூட்டத்துக்குள் ஒரு கறுப்பின மாணவரின் முகத்தைக் கணினியில் வெட்டி ஒட்டி மாட்டிக்கொண்டது. வெள்ளை முகங்கள் மட்டுமே இருந்ததால் செய்த வேலை. இங்கே அந்தச் சிரமம்கூட இல்லை. காலி நாற்காலியே போதும் என்று கேட்பவரும் கொடுப்பவரும் ஒப்புக்கொண்டாகிவிட்டது.

இன்னொரு பக்கம், 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், ஹீமோஃபீலியா, தலசீமியா எல்லாம் அதில் உண்டு. இவற்றில் பலவற்றைப் படம் எடுக்கவே முடியாது. டிஸ்கிராஃபியா உள்ள மாணவர் குழுப்படத்தில் நின்றால் யாருக்குத் தெரியும்? அவருக்குத் தெரிய வேண்டியது, தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் கேட்காமலே கிடைக்குமா என்பது. இது விதியாக இருந்தும், நீட் தேர்வில் ஒரு மாணவிக்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தராமல் தாளைப் பிடுங்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2021 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அவருக்கு நடந்தது தவறு என்று நீதிமன்றம் சொன்னது. மறுதேர்வு கிடைக்கவில்லை.

பார்வை மங்கிய ஒரு தம்பிக்காக, சொந்தக்காரப் பையன், மூணு கல்லூரிகளுக்கு போன் செய்தேன். லேப்ல எப்படி, புத்தகம் சாஃப்ட் காப்பியா கிடைக்குமா, ஸ்க்ரைப் யார் ஏற்பாடு பண்ணுவாங்க என்று கேட்டதற்கு மூணு இடத்திலும் ஒரே பதில்: "நீங்க வாங்க சார், பாத்துக்கலாம்." அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் முன்பணம் கட்டிவிட்டு 'பாத்துக்கலாம்' என்பதை நம்பி நாலு வருஷத்தை ஒப்படைக்க முடியுமா? அவனுக்குப் பிடிஎஃப்பையும் அனுப்பிப் பார்த்தேன். ஸ்கேன் செய்த பக்கங்கள். அவன் போனில் இருக்கும் ஸ்கிரீன் ரீடருக்கு அதில் வாசிக்க ஒரு எழுத்தும் இல்லை. மென்பொருள் இருப்பதாகச் சொல்லும் பக்கமும் அதில்தான் இருந்தது.

2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம், ஆயிரத்துக்கு 22 பேர். மத்திய அரசின் 2020-21 உயர்கல்விக் கணக்கெடுப்பில் 4 கோடிக்கும் அதிகமான மாணவர்களில் இவர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. ஆயிரத்துக்கு இரண்டரை பேர்கூட இல்லை. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடஒதுக்கீடு சட்டத்தில் இருக்கும்போதே இந்த நிலை. பள்ளியிலேயே நின்றுபோனவர்கள் நிறைய என்பது உண்மை. ஆனால் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனவர்களை எந்தப் படிவமும் எண்ணுவதில்லை.

"படம் போட்டா காட்சிப்பொருள்ங்கறீங்க, போடலன்னா புறக்கணிப்புங்கறீங்க, என்னதான் பண்றது?" என்று ஒரு பேராசிரிய நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. என் விருப்பம் இது: வேதியியல் ஆய்வக விளம்பரத்தில் இடமிருந்து மூன்றாவதாக, கண்ணாடிக் குடுவையோடு, காதுக்கருவி போட்ட மாணவி நிற்கட்டும். தலைப்பு வேண்டாம். அவரிடம் முன்பே கேட்டு, வேண்டாம் என்று சொல்லவும் இடம் கொடுத்து எடுத்த படமாக இருக்கட்டும். தனியாக ஒரு பக்கத்தில், தட்டச்சு செய்த எழுத்தில், எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது, எதில் இல்லை, ஹாஸ்டலில் எந்த மாடி, ஸ்க்ரைப் வேண்டுமென்றால் யாரைப் பார்க்கணும் என்று இருக்கட்டும். "மெக்கானிக்கல் பிளாக்கில் லிஃப்ட் கிடையாது, வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தருவோம்" என்று எழுதும் கல்லூரியை, 80 சதவீதக் கல்லூரியைவிட நான் நம்புவேன்.

அதுவரை, இந்த வருஷம் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் சாய்தளப் படத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஒரு வேலைநாளில் நேரில் போங்கள், லிஃப்ட் ஓடுகிறதா என்று ஏறிப் பாருங்கள். தேர்வுப் பிரிவில் போன செமஸ்டரில் எத்தனை பேருக்குக் கூடுதல் நேரம் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். இப்போது படிக்கிற ஒரு மாற்றுத்திறனாளி மாணவரோடு, அவர் சம்மதித்தால், பத்து நிமிஷம் பேச முடியுமா என்றும் கேளுங்கள்.