உருகினால் மட்டும் போதாது

வீட்டில் வேக்ஸ் மெல்ட் செய்பவர்களின் புலம்பல் எப்போதும் ஒன்றுதான். "கட்டியா இருக்கறப்ப கும்முனு மணக்குது, உருக வச்சா ஒண்ணுமே வரல." உடனே அடுத்த முறை சென்ட் எண்ணெயை இன்னும் இரண்டு மூடி கூட்டி ஊற்றுவார்கள். கட்டியின் மேல் எண்ணெய் முத்து முத்தாக வியர்த்து நிற்கும், தொட்டால் விரல் பிசுபிசுக்கும். மணம் மட்டும் போன தடவை இருந்த இடத்தைவிட்டு நகர்ந்திருக்காது. இந்த முரண்டு பிடித்துப்போய்த்தான் நான் இந்தச் சின்னக் கைவேலையை மதிக்கவே ஆரம்பித்தேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: வேக்ஸ் மெல்ட் என்பது திரி இல்லாத வாசனை மெழுகுப் பில்லை. ஒரு சின்னத் தட்டில் போட்டு, கீழே டீலைட் மெழுகுவத்தியோ மின்சாரச் சூடோ வைத்தால் உருகி அறையை மணக்கவைக்கும். மெழுகுவத்தியில் திரி மெழுகை உறிஞ்சி எரிக்கும்போது அதிலிருக்கும் எண்ணெயில் கொஞ்சமும் சேர்ந்து எரிந்துபோகும். இதில் எதுவும் எரிவதில்லை. சூட்டில் எண்ணெய் மட்டும் ஆவியாகிக் கிளம்பிவிடும், மெழுகு தட்டிலேயே கிடக்கும். "நேத்து வச்சது அப்படியே இருக்கே, இன்னிக்கு ஏன் மணக்கல?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். இருப்பது வெறும் மெழுகு. சரக்கு நேற்றே போய்விட்டது.

மணத்தைப் பிடித்துவைப்பது கொழுப்புக்கு ரொம்பச் சுலபம். பிரான்ஸின் தெற்கே கிராஸ் என்ற ஊரில், சுத்தம் செய்த பன்றிக் கொழுப்பையும் மாட்டுக் கொழுப்பையும் கண்ணாடிப் பலகையில் பூசி, அதன்மேல் மல்லிகையைப் பரப்பிவைப்பது பழைய முறை. பறித்த பிறகும் மணத்தைச் சுரந்துகொண்டே இருக்கும் பூ மல்லிகை. வாடியதை எடுத்துவிட்டுப் புதுப்பூ, மறுபடி புதுப்பூ என்று வாரக்கணக்கில் மாற்றுவார்கள். கொழுப்பு அத்தனை மணத்தையும் குடித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அதனிடமிருந்து திரும்ப வாங்க ஆல்கஹால் விட்டு அலச வேண்டும். வேக்ஸ் மெல்ட் செய்பவரின் கையில் ஆல்கஹால் கிடையாது, கொஞ்சம் சூடு மட்டும்தான். அந்தச் சூட்டுக்கே மணத்தை விட்டுவிடும்படி மெழுகைப் பழக்க வேண்டும். வேலையின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

அதனால் முதல் கேள்வி எந்த எண்ணெய் என்பதல்ல, எந்த மெழுகு என்பது. இப்போது எல்லோரும் சோயா பக்கம் போகிறார்கள். சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கியது அது. வனஸ்பதி செய்வதும் இதே வேலைதான். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்பவர் இதை மெழுகுவத்திக்குக் கொண்டுவந்தார். பார்க்க வெண்ணெய்போல அழகு, ஆனால் மணத்தை லேசில் விடாது. பாரஃபின் அப்படியல்ல, சூடு பட்டதும் அள்ளிக் கொடுத்துவிடும். தீக்குச்சியில் மருந்துக்குக் கீழே மரத்தைத் தடவினால் வழுவழுப்பாகத் தெரிவது இந்த பாரஃபின்தான், நெருப்பு மரத்துக்குத் தாவுவதற்காக ஏற்றியது. பெட்ரோலியத்திலிருந்து வருகிறது என்று அதை ஒதுக்குபவர்கள் உண்டு. என் மூக்குக்கு, சோயாவில் கொஞ்சம் பாரஃபின் கலந்ததுதான் சரிப்படுகிறது. சோயா மட்டுமே வேண்டுமென்றால் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுவதற்கென்று விற்கும் இளகிய ரகம் வேண்டாம். ஏறக்குறைய 50 டிகிரியில் உருகும் அந்த ரகம், மே மாத வெயிலில் அலமாரியிலேயே தளர்ந்து கசியத் தொடங்கும். கெட்டி ரகமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அளவு விஷயத்தில் மூடிக்கணக்கு உதவாது. கிராம்பு எண்ணெய் தண்ணீரில் அமிழும், ஆரஞ்சு எண்ணெய் மிதக்கும். மூடி ஒன்றே ஆனாலும் எடை வேறு. தராசில் நிறுத்து, 100 கிராம் மெழுகுக்கு 6 முதல் 10 கிராம் வரை. அதற்குமேல் மெழுகில் இடமில்லை. மெழுகு 80, 85 டிகிரியில் இருக்கும்போது எண்ணெயை விட்டு, குமிழி கிளம்பாமல் இரண்டு நிமிடம் நிதானமாகக் கிளற வேண்டும். எண்ணெய்ப் புட்டியில் போட்டிருக்கும் 'ஃபிளாஷ் பாயின்ட்' எண்ணைப் பார்த்துப் பயந்து, பாதி ஆறிய மெழுகில் ஊற்றுபவர்கள் உண்டு. அந்தச் சூட்டைத் தாண்டினால் மணமெல்லாம் பறந்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டது. அந்த எண், நெருப்பு காட்டினால் ஆவி பற்றிக்கொள்ளும் சூட்டைச் சொல்வது, அவ்வளவுதான். அடுப்புத் தீயை விட்டுத் தள்ளி வேலை பார்க்கச் சொல்கிறது. ஆறிய மெழுகில் விட்ட எண்ணெய் சரியாகக் கலக்காமல் அடியில் தங்கும். நஷ்டம் அதில்தான் அதிகம்.

இனி ருசிக்கு வருவோம். புட்டியைத் திறந்து மோந்து பார்த்து எண்ணெய் வாங்குவதைப்போல ஏமாற்று வேறில்லை. ஆரஞ்சு, எலுமிச்சையெல்லாம் கட்டியாக இருக்கும்போதே எகிறும். உருகிய கொஞ்ச நேரத்தில் முதலில் ஓடிவிடுவதும் அவைதான், மூலக்கூறு சிறியது, நிற்காது. சந்தனம், வெட்டிவேர், சாம்பிராணி நேர் எதிர். புட்டியில் மந்தமாக இருக்கும். வெட்டிவேர் பில்லை ஒன்றைத் தட்டில் போட்டுவிட்டுப் பாருங்கள். ஓரம் கண்ணாடியாகும், நடுவில் வெள்ளைத் தீவு ஒன்று மிதக்கும், அதுவும் கரைந்து முடியும் வரை பெரிதாக எதுவும் நடக்காது. காசு போச்சு என்று எழுந்து போய், வேலை முடித்துத் திரும்பி வந்தால் மழை விழுந்த மண்ணும் வேரும் அறையில் உட்கார்ந்திருக்கும். ஆகவே 'ஸ்ட்ராங்கா' வேண்டும் என்பவர் ஒற்றை எண்ணெயில் நிற்கக் கூடாது. முதலில் முகம் காட்ட ஒரு சிட்டிகை ஆரஞ்சு, நடுவில் மரிக்கொழுந்து, கடைசிவரை இருக்க வெட்டிவேர். எனக்குப் பிடித்த கலவை இது. லாவண்டருக்கு ஏன் இத்தனை மவுசு என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மல்லிதான் பெரிய பரீட்சை. சத்தியமங்கலத்திலும் நிலக்கோட்டையிலும் விலை விழும்போது சென்ட் ஆலைக்காரர்கள் பூவை வாங்கிக்கொள்வதைச் செய்தியில் படிக்கிறோமே, அந்தப் பூவின் சாறு கிலோ லட்சங்களில் விலை போகும். பில்லையில் ஊற்றக் கட்டுப்படியாகாது. கடையில் வரும் மல்லி எண்ணெய் பெரும்பாலும் கூட்டிச் செய்தது. அதில் இண்டோல் இருக்கிறதா என்பதே என் கவலை. இண்டோல் தனியாக மோந்தால் முகம் சுளிக்கவைக்கும், மலத்திலும் இருக்கும் சரக்கு அது. ஆனால் துளியூண்டு அது இல்லாத மல்லி, சோப்பு மணம்தான். இருந்தால், சாயங்காலம் பூக்காரம்மா ஈரத்துணியை விலக்கும்போது வருகிற அந்தக் கனம் தட்டிலிருந்தும் வரும்.

ஊற்றிய அன்றே உருக்கிப் பார்த்துவிட்டுக் குறை சொல்லக் கூடாது. பாரஃபினுக்கு இரண்டு மூன்று நாள் போதும். சோயாவை மூடிய டப்பாவில் இரண்டு வாரம் விட்டுவைப்பது வழக்கம். கொழுப்பின் படிகங்கள் உறைந்த பிறகும் மெல்ல மெல்ல உருமாறிக்கொண்டே இருப்பவை.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு, தட்டைக் கொண்டுபோய் மின்விசிறிக்கு நேர் கீழே வைப்பவர்களை என்ன சொல்வது? மணம் எழும்பும் முன்னே ஜன்னல் வழியாகப் போய்விடும். வாசல் பக்கம், காற்று உள்ளே வரும் திசையில், இடுப்பு உயரத்தில் ஓர் இடம் பாருங்கள். மின்சாரத் தட்டின் சூடு குறைவாக இருந்தாலும் மணம் சோம்பும். டீலைட் அதைவிடச் சூடு, ஆனால் சரக்கைச் சீக்கிரம் தீர்த்துவிடும்.

கடைசி நீதிபதி செய்தவரின் மூக்கு அல்ல. அரை நாள் கிண்டிக் கிளறிய மூக்கு மரத்துப்போயிருக்கும். அதைத் தெளியவைக்கக் கடைகளில் காபிக்கொட்டையை நீட்டுவார்கள், வெறும் காற்றைவிட அது ஒன்றும் கூடுதலாக உதவுவதில்லை. வெளியே போய்விட்டு வந்து கதவைத் திறந்து பாருங்கள், அல்லது பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். "என்ன ஸ்பிரே அடிச்சீங்க?" என்று அவர் கேட்டால் எண்ணெய் அதிகம். "பூ வாங்கியாச்சா?" என்று சாமி படத்தின் பக்கம் எட்டிப் பார்த்தால், அந்தக் கலவையின் எடைக்கணக்கை உடனே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.