வெள்ளை வெறும் தாள் இல்லை

ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் எனக்கு ஓவியம் பார்க்க ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போகணும். அதனால் கே.எம். ஆதிமூலத்தை நான் சந்தித்தது தமிழ்நாட்டிலிருந்து வந்த புத்தக அட்டைகளில்தான். நம்மில் பலருக்கும் அப்படித்தான். அதனாலேயே அவரை ‘இலக்கியத்துக்குப் படம் போட்டவர்’ என்று சுலபமாகச் சொல்லி முடித்துவிடுகிறோம்.

1938இல் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் கறுப்பு மையில் வரைந்த காந்தி ஓவியங்கள் ஏறக்குறைய நூறு. காந்தி எல்லாருக்கும் தெரிந்த முகம். வரைவதற்கு அதைவிட ஆபத்தான முகம் கிடையாது. ஆதிமூலம் ஜாடை பிடிக்கப் பாடுபடவில்லை. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓரிடத்தில் கறுப்பாய் அடர்கின்றன. இன்னோரிடத்தில் சட்டென்று நின்றுவிடுகின்றன. விட்ட இடத்தை நம் கண் போய் நிரப்புகிறது.

இதைப் பார்க்கும்போது அமெரிக்க அரூப வெளிப்பாட்டு ஓவியர் ஃபிரான்ஸ் கிளைன் நினைவுக்கு வருகிறார். பெயின்டர் தூரிகையால் ஒரே வீச்சில் இழுத்தது மாதிரி இருக்கும் அவருடைய கறுப்புப் பட்டைகள். ஆனால் அவற்றில் பலவற்றுக்குத் தொலைபேசிப் புத்தகத் தாளில் போட்ட சின்ன மை வரைவுகள்தான் மூலம். வெள்ளையையும் அவர் வண்ணமாகவே தீட்டினார். கறுப்பு வெள்ளையைத் தள்ள, வெள்ளை கறுப்பை வெட்டும். ஆவேசம் என்று நாம் நினைப்பதற்குப் பின்னால் அத்தனை கணக்கு.

அதற்காக ஆதிமூலத்தை அந்தப் பள்ளியில் சேர்த்துவிட முடியாது. அரூபத்துக்கு அவர் பிற்பாடு வண்ணத்தோடு போனார். இந்த மைக்கோடுகளில் மனிதனைக் கைவிடவில்லை. கோடு தன்போக்கில் ஓடப் பார்க்கிறது, உருவம் இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுபறிதான் அவருடைய பலம். ஜூனியர் விகடனில் கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு வரைந்தவற்றையும் பாருங்கள். எழுத்தில் இருப்பதைத் திருப்பிச் சொல்லாமல் பக்கத்தில் நின்று தன் பேச்சைப் பேசுகிறது கோடு.

நம்ம ஊர் நூல்களுக்கு வருவோம். தோட்டத்துக் கதை என்றாலே அட்டையில் பால்மரம், வாளி, தலையில் துணி கட்டிய பெண். இணையத்தில் எடுத்த படம், கணினி ஒட்டிய நிழல். தலைப்பு சொன்னதையே படமும் சொல்லும். தோட்ட வாழ்க்கையில் சொல்லாமல் விடப்பட்டது எவ்வளவோ இருக்க, அந்த வெற்றிடத்தை விட்டுவைக்க நமக்குத் தைரியமில்லை. ஓவியருக்குத் தலைப்பை மட்டும் அனுப்பாமல் முழுப் பிரதியையும் வாசிக்கக் கொடுப்போம். எதை வரையக்கூடாது என்று அவர் முடிவு செய்யட்டும்.