பொது ஆய்வகம், பொதுமகளிர்: 1986இன் ஒரு கதையை மீண்டும் வாசித்தல்

எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் அக்கா ஒருவர் விசைத்தறியில் வேலை பார்க்கிறார். பிப்ரவரியில் ஒரு மாலை, முருங்கைக்கீரை கொடுக்க வந்தவர் வாசற்படியில் நின்றபடியே கேட்டார்: “ஏனுங் டீச்சர், போன வருசம் காலேஜ் புள்ளைங்க வந்து எங்க பட்டறையில எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்துட்டுப் போனாங்கல்ல, அதுல எனக்கு என்னன்னு வந்துச்சுங்?”

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். சொன்னதோடு மறந்தும் போனேன்.

இரண்டு வாரம் கழித்து, மகளிர் தினப் பேச்சுப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்திருந்தேன். விலங்கியல் மாணவி ஒருத்தி மருத்துவர் செல்லப்பன் நிர்மலாவைப் பற்றிப் பேசினாள். இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்தவர்கள் இரண்டு தமிழ்நாட்டுப் பெண்கள் என்று தொடங்கினாள். அரங்கு நிமிர்ந்து உட்கார்ந்தது. முதல் பரிசு அவளுக்கே கொடுத்தேன். இன்றும் அதை மாற்றமாட்டேன். ஆனால் அவள் எழுதிக் கொடுத்த பிரதியைப் பேருந்தில் மறுபடி படித்தபோது, தமிழ் வாத்தியாருக்கே உரிய ஒரு கெட்ட பழக்கத்தால், வாக்கியங்களின் எழுவாயைத் தேட ஆரம்பித்தேன். அங்கிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

கதை பலமுறை சொல்லப்பட்டதுதான். 1985இன் இறுதி. நிர்மலாவுக்கு 32 வயது, இரண்டு சிறு குழந்தைகள், சென்னையில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு. ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு என்று யோசித்துக்கொண்டிருந்தவரிடம், அமெரிக்காவில் பரவிக்கொண்டிருந்த எய்ட்ஸ் இங்கே இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் பேராசிரியர் சுனிதி சாலமன். பாலியல் தொழில் செய்யும் பெண்களை முதலில் அரசு மருத்துவமனையில் சந்திக்கிறார் நிர்மலா. பிறகு அவர்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்த காப்பகத்துக்குப் போகிறார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். கையுறை இல்லை, எந்தப் பாதுகாப்பும் இல்லை. மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள். சுனிதி தன் கணவரிடமும் வேறு சிலரிடமும் கடன் வாங்கி ஒரு சிறிய ஆய்வகம் அமைத்துத் தருகிறார். சீரத்தைப் பிரித்து எடுத்த பிறகு வைக்க இடமில்லை. நிர்மலா வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறார்.

எலைசா சோதனைக்கு அப்போது சென்னையில் வசதி இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து ஆட்டோவில் ஆய்வகம் சேர்கிறார்கள். வைரலாஜி துறைத் தலைவர் ஜேக்கப் ஜான் இரண்டு இளையவர்களைத் துணைக்குக் கொடுக்கிறார். காலையில் தொடங்கிய வேலை நண்பகலில் மின்தடையால் நிற்கிறது. தேநீர் குடித்துவிட்டு வந்து மூடியைத் திறந்தால், தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாக மாறியிருந்தன. பிறகு அதே ஆறு பேரிடம் மறுபடி ரத்தம் எடுத்து, அது அமெரிக்கா போய், உறுதியாகித் திரும்பியது. மே மாதம் தமிழக சட்டமன்றத்தில் அமைச்சர் அறிவித்தார். 1987 மார்ச்சில் நிர்மலா ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார்.

பெண்ணியவாதிகளாகிய நாம் இந்தக் கதையை ஏன் விரும்புகிறோம் என்பது விளங்காத விஷயமல்ல. ஆய்வகம் இல்லாத இடத்தில் ஒரு பெண் தன் வீட்டையே ஆய்வகமாக்குகிறாள். தயிருக்கும் பாலுக்கும் பக்கத்தில் அறிவியல் குளிர்ந்துகொண்டிருக்கிறது. போய்ச் சேர்ந்த இடமும் பெண்களுக்காகத் தொடங்கியதுதான். வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் ஆரம்பித்த மருத்துவப் பள்ளி பெண்களுக்கு மட்டுமானது. ஆண்கள் அங்கே சேர்ந்தது 1947இல்தான். இத்தனை வருடம் மறைந்திருந்த நிர்மலாவின் பெயரை வெளியே கொண்டுவருவதும் நியாயமான வேலை.

ஆனால் எழுவாய்க்கு வருவோம். மாணவியின் பேச்சில் நிர்மலா போகிறார், சுனிதி கடன் வாங்குகிறார், கணவர் வண்டி ஓட்டுகிறார், ஜேக்கப் ஜான் உதவுகிறார், அமைச்சர் அறிவிக்கிறார். ரத்தம் மட்டும் ‘எடுக்கப்படுகிறது’. மாதிரிகள் ‘சேகரிக்கப்படுகின்றன’. ரத்தத்துக்கு உரியவர்கள் ஒரு வாக்கியத்தில்கூட எழுவாயாக இல்லை. இது மாணவியின் குறை அல்ல. நான் படித்த செய்திக் கட்டுரைகளும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கின்றன. ஆறு குழிகள் மஞ்சளான இடத்தில் கதைக்கு உச்சம் வந்துவிடுகிறது. அந்த மஞ்சள் ஆறு பெண்களின் உடம்பிலும் இருக்கிறது என்ற எண்ணம் கைதட்டலில் அமுங்கிவிடுகிறது.

எதற்காக ரத்தம் எடுக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை, பால்வினை நோய்க்கான சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள் என்று நிர்மலாவே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவரைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. நோயாளியிடம் விளக்கி ஒப்புதல் வாங்கும் வழக்கம் அன்றைய நம் மருத்துவமனைகளில் வேரூன்றியிருக்கவில்லை. கையுறை இல்லாமல் ஊசி பிடித்தவருக்கும் அந்த ஆபத்தில் பங்கு இருந்தது. நான் கேட்பது வேறு. சென்னையிலிருந்து வேலூருக்கும் வேலூரிலிருந்து அமெரிக்காவுக்கும் பகிர்தல் அழகாக நடந்தது. ஒருவரிடம் இல்லாத கருவியை இன்னொருவர் தந்தார், ஒருவருக்குத் தெரியாததை இன்னொருவர் சொன்னார். உதவிய ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது. சங்கிலியின் முதல் கண்ணிக்கு மட்டும் எதுவும் திரும்பி வரவில்லை.

வரவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த ஆறு பேர் பின்னால் என்ன ஆனார்கள் என்று இந்தக் கதை சொல்வதில்லை. ஆனால் அடுத்து வந்த ஆண்டுகளில் சென்னைக் காப்பகத்தில், கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்கள் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் விடுவிக்கப்படவில்லை. பத்திரிகையாளர் ஷ்யாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்து, 1990இல்தான் விடுதலைக்கு வழி பிறந்தது. ஆய்வக முடிவு முதலில் பூட்டை வைத்திருந்தவர்கள் கைக்குப் போனது. அந்தப் பெண்களை அது சிறையாகவே வந்தடைந்தது.

‘பொது’ என்ற சொல்லை இங்கே நிறுத்திப் பார்க்கத் தோன்றுகிறது. பொதுவழி, பொதுப்பணி, பொதுநலம் என்னும்போது அது எல்லோருக்கும் உரியது. ‘பொதுமகள்’ என்னும்போது அவளை யாரும் எடுத்துக்கொள்ளலாம், அவளுக்கென்று உரியது ஒன்றுமில்லை என்று பொருள் மாறிவிடுகிறது. உரைகளிலும் அகராதிகளிலும் இந்தச் சொல் இன்னும் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. பொதுக் கிணறுகூட எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை என்று சேரிப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். பொது ஆய்வகம் என்று சொல்லும்போதும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது: இதில் எந்தப் ‘பொது’ வேலை செய்கிறது?

எங்கள் சமவெளிக்கு இது தூரத்துக் கதை இல்லை. நாமக்கல் என்றால் முட்டையும் லாரியும். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள், சங்ககிரியின் லாரிகள், திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள். மாதக்கணக்கில் வடக்கே போய்வரும் ஆண்கள். தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. அதிகம் காணப்பட்ட மாவட்டங்களில் நாமக்கல்லும் ஒன்று. இங்கே நோய் வெளியே தெரிந்த விதத்தைக் கவனியுங்கள். கர்ப்பிணிகளுக்குச் சோதனை வந்த பிறகு, பல வீடுகளில் முதலில் பெயர் அடிபட்டது மனைவிக்கு. அவன் கொண்டுவந்தது, ஆனால் அவள் ரத்தத்தில் முதலில் தெரிந்ததால் அவள் கொண்டுவந்தது ஆயிற்று. ‘அந்த மாதிரிப் பெண்’ என்று காப்பகத்தில் இருந்தவர்களுக்கு வைத்த பெயரே, தாலி கட்டியவளுக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயரைத் திருப்பி எறிந்தவரும் இந்த மண்ணிலிருந்து வந்தவர்தான். நாமக்கல் பகுதியில் பிறந்து, லாரி ஓட்டிய உறவினரை மணந்து, அந்த மணவாழ்விலேயே தொற்றுக்கு ஆளானவர் கௌசல்யா. 1998இல் வேறு சில பெண்களோடு சேர்ந்து, எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கான கூட்டமைப்பைத் தொடங்கினார். ரத்தம் கொடுப்பவர்களாக மட்டும் இருந்தவர்கள் அங்கேதான் எழுவாயானார்கள். இன்று அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுகிறார். 2017இன் எச்.ஐ.வி. சட்டம், விளக்கி ஒப்புதல் பெறாமல் சோதிக்கக் கூடாது என்கிறது. ஆலோசகர் உட்காரும் நாற்காலியும் ஓர் ஆய்வகக் கருவிதான். அது இல்லாமல் 1986இன் எலைசா தட்டு பாதிக் கருவியாகவே இருந்தது.

ஆறு பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. மறைவு காப்பது வேறு, மறந்துபோவது வேறு. பெயரைச் சொல்லாமலே ஒருவருக்குரிய பங்கைக் கொடுக்க முடியும்.

இதை இந்த இடத்தோடு முடித்தால் நானும் மேடைப் பேச்சாளிதான். பரிசு கொடுத்துவிட்டு வந்த பேருந்தில்தான் தறிக்கார அக்காவின் கேள்வி திரும்ப நினைவுக்கு வந்தது. மறுநாள் அந்த ஆய்வைச் செய்த துறைக்குப் போய்க் கேட்டேன். ரத்தசோகை பற்றிய ஆய்வு. இரும்புச் சேமிப்பை அளக்கும் கருவி உள்ளூரில் இல்லாததால், ஒரு பெரிய நிறுவனத்தின் பகிர்வு ஆய்வகத்துக்கு, மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனதும் ஒரு பெண்தான். முடிவுகள் அட்டவணையாக வந்தன. சராசரி கணக்கிடப்பட்டது. பட்டம் கிடைத்தது. எண்ணையும் பெயரையும் சேர்த்த தாள் பீரோவில் இருந்தது. நன்றியுரையில் நெறியாளர், துறைத்தலைவர், ஆய்வகம், டைப் அடித்த கடை. கடைசி வரியில் ‘பங்கேற்ற அனைவருக்கும்’.

அக்காவின் ஹீமோகுளோபின் 7.4. கடுமையான சோகை என்று சொல்லும் அளவு. ஒரு வருடம் அது ஒரு பீரோவுக்குள் இருந்திருக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். திரும்பி வரும்போது அக்கா சொன்னார்: “நிக்க முடியாம தறி மேலயே சாஞ்சுக்குவனுங். ஓனர் சோம்பேறின்னு பேசுவாரு. நானும் அப்படித்தான் போலன்னு இருந்துட்டனுங்.”

அந்தப் பட்டியலில் மீதி நாற்பத்தொன்பது பேர் இருந்தார்கள். மாணவிகள் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து முப்பத்தாறு பேருக்குத் தாளைக் கொண்டுசேர்த்தார்கள். மற்றவர்கள் வேறு பட்டறைக்கோ வேறு ஊருக்கோ போய்விட்டிருந்தார்கள். இந்த வருடம் ரத்தம் எடுக்கப் போகும் மாணவிகளின் படிவத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது: முடிவைத் திருப்பிக் கொடுக்கும் தேதி. ஆய்வுத் திட்டம் எழுதும் மாணவி இதைப் படித்துக்கொண்டிருந்தால், அந்த வரியை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுங்கள்.