அனிதா பால்துரை: எண்ணப்பட்டதும் எண்ணப்படாததும்

அனிதா பால்துரை (பிறப்பு: 1985) சென்னையைச் சேர்ந்த கூடைப்பந்து வீராங்கனை, இந்தியப் பெண்கள் அணியின் முன்னாள் தலைவர். தென்னக ரயில்வே அணிக்காக ஆடியவர். 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியப் போட்டித் தொடர்களில் தொடர்ந்து பங்கேற்றார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இந்தியக் கூடைப்பந்தில் போதிய மதிப்பீடு கிடைக்காத ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுவதற்கு இவருடைய ஆட்ட வாழ்க்கை பொருத்தமான சான்று.

விருதும் காலமும்

அனிதா 19 வயதில் இந்திய அணியின் தலைவரானார். 2013 ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி ஐந்தாம் இடம் பிடித்தது. தாய்மைக்குப் பிறகு களத்துக்குத் திரும்பிய அவர், 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவில் வென்ற அணியிலும் இருந்தார். இறுதியாட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்ற கணக்கில் வென்று இந்தியா முதல் பிரிவுக்கு உயர்ந்தது.

இத்தனைக்கும் அர்ஜுனா விருது அவருக்குக் கிடைக்கவில்லை. அதைவிட உயர்ந்த பத்மஸ்ரீ அவர் ஆட்டத்தின் பெரும்பகுதி முடிந்த பிறகு வந்தது. அர்ஜுனா விருதுக்கான மதிப்பெண் முறை ஒலிம்பிக், ஆசிய, காமன்வெல்த் விளையாட்டுப் பதக்கங்களுக்கே அதிக எடை தருகிறது. பதக்கம் அணிக்கு உரியது. அணி ஆசிய விளையாட்டில் பதக்க மேடை ஏறாதபோது அதில் சிறந்து ஆடியவரும் கணக்கில் பின்தங்கிவிடுகிறார். தனிநபர் விளையாட்டுக்குப் பொருந்தும் அளவுகோல் ஐந்து பேர் ஆடும் ஆட்டத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை.

எது பதிவாகிறது

தென்னக ரயில்வேயில் அனிதாவுடன் ஆடிய கீது அன்னா ஜோஸ் கேரளத்தவர், ஆறடிக்கு மேல் உயரம் கொண்டவர், கூடைக்கு அடியில் நின்று ஆடும் சென்டர். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கழகத்துக்காக ஆடினார். 2011-இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூட்டமைப்பு அணிகளின் தேர்வு முகாம்களுக்கு அழைக்கப்பட்டார். 2014-இல் அர்ஜுனா விருது பெற்றார். அவருடைய திறன் புள்ளிகளாகவும் ரீபவுண்டுகளாகவும் தாளில் ஏறியது.

அனிதா ஆடியது கார்டு இடத்தில். பந்தை எதிரணியின் பகுதிக்குக் கொண்டுசெல்வது, ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும், உயரமானவருக்குச் சரியான நொடியில் பந்தைச் சேர்ப்பது ஆகியவை அந்த இடத்தின் வேலைகள். கூடையில் பந்தைப் போட்டவர் பெயரோடு ஸ்கோர் தாள் நின்றுவிட்டால் இந்த உழைப்பில் பெரும்பகுதி மறைந்துபோகிறது. சென்டர் எடுக்கும் புள்ளியில் கார்டுக்கும் பங்கு உண்டு என்பது ஆட்டத்தை நேரில் பார்த்தவருக்கே தெரியும்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய குறை அன்று. அமெரிக்காவின் என்பிஏ, பந்துப் பறிப்புகளையும் எதிரணி எறியும் பந்தைத் தடுத்தலையும் 1973-74 பருவத்திலிருந்துதான் அதிகாரபூர்வமாகப் பதிவு செய்தது. தடுப்பாட்டத்துக்கே பெயர்பெற்ற பில் ரஸ்ஸல் 1969-இல் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய தடுப்புகளுக்கு அதிகாரபூர்வக் கணக்கு இல்லை. ஆனால் ரஸ்ஸலின் ஆட்டத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்களும் படச்சுருள்களும் உண்டு. எண் இல்லாத இடத்தை அங்கே எழுத்து நிரப்பியது.

புகழ்ச்சியின் குறை

அனிதாவைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் மூன்று தகவல்களைச் சுற்றியே அமைகின்றன: ஒன்பது தொடர்கள், 19 வயதில் தலைமை, குழந்தை பிறந்த பின் திரும்பியது. மூன்றும் உண்மை, மூன்றும் பெருமைக்குரியவை. ஆனால் இவை அவர் எவ்வளவு காலம் ஆடினார் என்பதைச் சொல்கின்றன, எப்படி ஆடினார் என்பதைச் சொல்லவில்லை. நெருக்கடியில் அவர் எந்தப் பக்கம் திரும்புவார், எதை எறியாமல் விடுவார் என்று தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. விடாமுயற்சியை மட்டும் போற்றும்போது திறமை பேசப்படாமல் போகிறது. அதுவும் ஒருவகைக் குறைத்து மதிப்பிடல்தான்.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். சீனா, ஜப்பான், தென்கொரியா ஆகிய அணிகளுக்கு இணையாக இந்திய அணி அக்காலத்தில் இருந்ததில்லை. முதல் பிரிவுக்கு உயர்ந்த அணி 2019-இல் கடைசி இடத்தையே பெற்றது. எனவே அனிதாவை ஆசியாவின் முதல்வரிசை ஆட்டக்காரர் என்று சொல்வது மிகை. வலுவற்ற அணியை ஒன்பது தொடர்களில் தாங்கியவர்களில் ஒருவர் என்பதே நியாயமான மதிப்பீடு. அது சிறிய மதிப்பீடு அன்று.

இன்றைய பொருத்தம்

கபடி 2014 முதல் தொலைக்காட்சித் தொடராகி வீடுகளுக்குள் வந்தது. வெள்ளாற்றங்கரையில் உள்ள சேத்தியாத்தோப்பு போன்ற ஊரின் சிறுமியும் கபடி வீரர்களின் பெயர்களை அறிவாள், அவர்கள் பிடிக்கும் பிடியையும் அறிவாள். கூடைப்பந்துக்கு அப்படி ஒரு திரை அமையவில்லை. அவள் அனிதாவின் பெயரைப் பொது அறிவு வினாவில் விருதுடன் சேர்த்து மனப்பாடம் செய்யலாம், அவருடைய ஆட்டத்தைப் பார்த்துக் கற்க வழி குறைவு.

உடன் ஆடியவர்களும் எதிர்த்து ஆடியவர்களும் பயிற்சியாளர்களும் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் நினைவிலிருந்து அந்த ஆட்டத்தை எழுத்தில் கொண்டுவருவது இன்னும் இயலும் காரியமே. இன்னொரு தலைமுறை கடந்தால் விருதுப் பட்டியலில் ஒரு வரி மட்டுமே எஞ்சும்.