சுவரும் வீடும்: ஜார்ஜ் டவுன் கலைத்தெரு உலா குறித்து ஒரு திறனாய்வு

மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ் டவுனின் பழந்தெருக்களில் சுவரோவியங்களையும் கலைக்கூடங்களையும் காப்பிக் கடைகளையும் தேடிக் காலாற நடப்பது இன்று பயணிகளிடம் வேரூன்றிய வழக்கமாகிவிட்டது. 'கலைத்தெரு உலா' என்று இங்குக் குறிக்கப்படும் இவ்வழக்கத்திற்கு, 2008 ஜூலையில் மலாக்காவுடன் சேர்த்து இந்நகரை யுனெஸ்கோ உலக மரபுடைமையாக அறிவித்தது அடித்தளம் இட்டது. 2012ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச், ஆர்மீனியன் தெருச் சுவரில் மெய்யான மிதிவண்டி ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் இரு சிறார் அமர்ந்திருப்பதாகத் தீட்டிய ஓவியம் அதற்குப் பெரும்புகழ் தேடித்தந்தது.

நடந்து காண்பதே இந்நகருக்குப் பொருந்தும் முறை என்பது இவ்வழக்கத்தின் முதல் வலிமை. கீழே வணிகமும் மேலே குடும்பமுமாக அமைந்த கடைவீடுகளும், அவற்றின் முகப்பில் வெயிலும் மழையும் படாமல் நடக்க விடப்பட்ட, மலாயில் 'காக்கி லீமா' எனப்படும் ஐந்தடிப் பாதைகளும் நடப்பவரை எண்ணியே கட்டப்பட்டவை. 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1833இல் எழுந்த குயின் தெரு மகா மாரியம்மன் கோயில், சீனரின் குவான் யின் கோயில், 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் ஆகிய நான்கும் சில நிமிட நடையில் அடுத்தடுத்து வருவதை, பேருந்தின் சன்னல் வழியே பார்ப்பவரால் உணர இயலாது. கைவிடப்பட்ட கட்டடங்களுக்குப் புதுப்பயன் கிடைத்தது இரண்டாவது வலிமை; பழைய ஹின் பேருந்துப் பணிமனை 2014 முதல் கலை மையமாக உயிர்பெற்றிருப்பது இதற்குச் சான்று.

குறைகளும் சிறியவை அல்ல. கட்டடங்களின் அழகோடு, பல்லின மக்கள் இங்கே தொடர்ந்து வாழ்ந்துவரும் மரபையும் கணக்கில் கொண்டே யுனெஸ்கோ அந்தத் தகுதியை வழங்கியது. ஆயினும், பயணியர் பெருகப் பெருக விடுதிகளும் நினைவுப்பொருள் கடைகளும் தரும் வாடகையைப் பழைய தொழில்களை நடத்துவோரால் தர இயலாமற் போகிறது. ஓவியத்தில் விளையாடும் சிறாரைக் காணக் கூட்டம் வரிசையில் நிற்க, அத்தெருவில் விளையாடப் பிள்ளைகளே இல்லாமற்போனால், அந்த ஓவியம் வாழ்க்கையின் பதிவாக இல்லாமல் அதன் நினைவுக்கல்லாகிவிடும்.

எனினும், பழி முழுவதையும் பயணிகள்மேல் சுமத்துவது நேர்மையாகாது. 1948க்கு முன் எழுந்த கட்டடங்களின் வாடகையை உயராமல் தடுத்து, எளிய குடும்பங்களை நகரில் நிலைக்கச் செய்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நீங்கியதும் குடிபெயர்வு பெருகியது. அந்த நீக்கம் மிதிவண்டி ஓவியத்திற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்தியது. அதற்கும் முன்பே, 1972இல் அமைந்த பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையையொட்டிப் பினாங்கு வளர்ச்சிக் கழகம் உருவாக்கிய பாயான் பாரு போன்ற புதுநகரங்கள் பினாங்குத் தீவின் குடியிருப்பு மையத்தைத் தெற்கே நகர்த்தியிருந்தன. இன்று பாயான் பாருவிலிருந்து விடுமுறை நாளில் ஜார்ஜ் டவுனுக்கு வரும் குடும்பமும் ஒருவகையில் பயணியே.

ஆகவே, உலாவின் தரத்தை அளக்க வேண்டிய கோல், அது தெருவில் வாழ்வோரோடு எத்தகைய கொடுக்கல் வாங்கலை வளர்க்கிறது என்பதே. ஓவிய வரைபடத்தை மட்டும் நம்புபவர், தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் 'சூலியா' என்ற சொல்லையே பெயராகத் தாங்கிய தெருவையும், அங்குள்ள நாகூர் தர்காவையும், செட்டியார்கள் கிட்டங்கி எனும் வணிகக்கூடங்களில் வட்டித்தொழில் நடத்திய பினாங்குத் தெருவையும் விரைந்து கடந்துவிடுவார். பூக்கட்டுபவரிடம் மாலை வாங்கி, பழைய உணவுக்கடையில் அமர்ந்து உண்டு, கடைக்காரரிடம் தெருவின் கதையைக் கேட்டறிபவரோ, அவர்கள் அங்கேயே தொழில் நடத்துவதற்குத் தம்மால் இயன்ற ஒரு காரணத்தைத் தருகிறார். வாடகையையும் குடியிருப்பையும் காக்கும் கொள்கை அரசின் கடமை. ஆனால் அக்கொள்கை காக்க வேண்டிய வாழ்வு எதுவென்று காட்டவல்லது இத்தகைய நடையே.