தொலைந்த ‘ஆம்’

தடயவியல் படிப்புக்கு இப்போது வந்திருக்கும் மவுசைப் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வீடுகளிலும் பார்க்கிறேன். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் நடந்த இடத்துக்குத் தடயவியல் நிபுணர் நேரில் போக வேண்டும் என்கிறது. வேலை உண்டு என்ற நம்பிக்கை பிறந்துவிட்டது. அதையொட்டித் தடயவியல் உளவியலும் பேசப்படுகிறது. அண்மையில் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் அந்தப் படிப்பை ஆதரித்துப் பேசியவர், “குற்றவாளியின் மனதைப் படிக்கும் கலை இது” என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த வரியோடுதான் என் வழக்கு.

படிப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கொடுங்குற்றம் சாட்டப்பட்ட பதினாறு வயதுப் பையனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்கலாமா என்று முடிவெடுக்கும் இளைஞர் நீதி வாரியத்துக்கு உளவியலாளர் தேவை. போக்சோ வழக்கில் குழந்தையிடம் பேசத் தெரிந்த ஆள் தேவை. சென்னைப் பல்கலைக்கழகமும் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் குற்றவியல் துறைகளை நடத்திவருவது நல்ல காரியம். இங்கிருந்து காந்திநகர் தேசியத் தடயவியல் பல்கலைக்கழகம்வரை போய்ப் படிக்க ஒரு பெண் ஆசைப்பட்டால் வாழ்த்தி அனுப்புவேன்.

ஆனால் எதைப் படிக்கப் போகிறாள்? கருத்தரங்கில் அன்று திரையில் வந்தவை அமெரிக்கத் தொடர்கொலைகாரர்களின் முகங்கள், பொய் காட்டும் கருவி, மூளை வரைபடம். குற்றவாளியின் குணச்சித்திரத்தை நம்பிப் போனால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து பட்டுத் தெரிந்துகொண்டது. 1992இல் லண்டன் விம்பிள்டனில் நடந்த கொலையில், உளவியலாளர் வரைந்த சித்திரத்துக்குப் பொருந்துகிறார் என்று காலின் ஸ்டாக் என்பவருக்கு வலைவிரித்தார்கள். 1994இல் நீதிபதி அந்தச் சாட்சியத்தைத் தூக்கி எறிந்தார். கொன்றவன் வேறொருவன் என்பது 2008இல் நிரூபணமானது. நம் உச்ச நீதிமன்றமும் 2010இல் செல்வி வழக்கில், சம்மதமில்லாமல் எவருக்கும் உண்மை கண்டறியும் ஊசியோ கருவியோ மூளைச் சோதனையோ கூடாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. இவற்றையெல்லாம் பாடத்தில் ஓர் அத்தியாயமாக வைத்தால் போதும். பாடமே அதுவாகிவிடக் கூடாது.

நம் ஊர் வழக்குகள் கெடுவது குற்றவாளியின் மனது புரியாததால் இல்லை. சாட்சி சொன்னது ஒன்று, தாளில் ஏறியது இன்னொன்று. கேடு அங்கே தொடங்குகிறது.

நான் பார்த்த ஒரு விசாரணை. கூண்டில் சின்ன வெங்காயக் காட்டில் வேலை செய்யும் ஓர் அம்மா. “பாக்கலீங்க. வெட்டுனானாம்னு பேசிக்கிட்டாங்க” என்றார். “நேர்ல பாத்ததாப் போலீசுல சொல்லியிருக்கீங்களேம்மா?” என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். “நான் அப்படிச் சொல்லலீங்க.” பிறழ்சாட்சி என்று அறிவித்துவிட்டார்கள். பணம் வாங்கிவிட்டார், பயந்துவிட்டார் என்று வெளியில் பேசிக்கொண்டார்கள்.

தமிழில் ‘வெட்டினான்’ வேறு, ‘வெட்டினானாம்’ வேறு. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் ஓர் அசையில் பிரித்துக் காட்டும் மொழி நம்முடையது. படிக்காத கிழவிகூட அதில் தவறமாட்டார். ஆனால் காவல் நிலையத் தாளில் அந்த ‘ஆம்’ தங்குவதில்லை. “நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து கூலி வேலை செய்து வருகிறேன்” என்று தொடங்கி, “போலீசார் விசாரித்தார்கள், நடந்ததைச் சொன்னேன்” என்று முடியும் வார்ப்பில் பத்துச் சாட்சிகளும் ஒரே குரலில் பேசுகிறார்கள். அந்த வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கச் சட்டமே இடம் தரவில்லை. தன் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அந்த அம்மா கூண்டில் ஏறிய பிறகுதான் கேட்கிறார்.

ஓர் ‘ஆம்’ தொலைகிறதென்றால் இன்னோர் ‘ஆம்’ முளைக்கிறது. அதிகாரி எதிரில் நிற்கும் ஏழைக் கூலியாள் எதைக் கேட்டாலும் “ஆமாங்க” என்பார். அது மரியாதைக்குச் சொல்வது. உடன்பட்டதாக அர்த்தமில்லை. கேள்வியின் போக்குக்கே இணங்கிவிடும் தன்மையை அளக்க உளவியலாளர் கிஸ்லி குட்ஜான்சன் 1984இலேயே அளவுகோல் செய்தார். கேள்வியின் வினைச்சொல் மாறினால் நினைவே மாறும் என்று உளவியலாளர்கள் லோஃப்டஸும் பாமரும் 1974இல் காட்டினார்கள். கார்கள் ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்று கேட்டால் மணிக்குச் சுமார் 41 மைல், ‘தொட்டபோது’ என்று கேட்டால் 32 மைல். பார்த்தவை அதே படங்கள். அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரி ‘உரசிச்சா’, ‘அடிச்சுத் தூக்கிச்சா’ என்று கேட்பதில் ஒரு குடும்பத்தின் இழப்பீடே தொங்குகிறது. அந்தச் சோதனையைத் தமிழில், நம் வினைச்சொற்களை வைத்து, ஒவ்வொரு வகுப்பிலும் செய்து பார்க்கலாமே!

குற்ற ஒப்புதலின் கதை இன்னும் கொடியது. காவலரிடம் ஒப்புக்கொண்டது சாட்சியமாகாது. அதனால் எத்தனையோ வழக்குகளில், கொன்றவன் முன்பின் தெரியாத கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப்போய், காப்பாற்றுவார் என்று நம்பி எல்லாவற்றையும் கொட்டுகிறான். ஒரு மனிதன் அப்படிச் செய்வானா? இதைவிட உளவியல் கேள்வி வேறென்ன இருக்கிறது? நீதிபதிகள் தீர்ப்புகளில் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டார்கள். உளவியல் துறைகள் கேட்க வேண்டாமா? பக்கத்துக் கடலூர் மாவட்டத்து முதனை ராஜாக்கண்ணு 1993இல் திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லிக் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டது நாடறிந்தது. அந்த விசாரணை அறைக்குள் நடப்பதைப் பேசாத புலனாய்வு உளவியல், யாருடைய மனதைப் படிக்கிறது? பலவீனமானவனின் மனதை மட்டும் கிளறி, கேள்வி கேட்பவனின் மனதைத் தொடாத படிப்பை அறிவியல் என்று என்னால் ஏற்க முடியாது.

பொய் ஒப்புதல்களால் சிறையில் கிடந்த கில்ட்ஃபோர்டு நால்வர் 1989இல் விடுதலையான பிறகு, இங்கிலாந்து காவல்துறை விசாரிக்கும் முறையையே மாற்றியது. ஒப்புக்கொள்ள வைப்பதை விட்டு, தகவல் கேட்பதைப் பயிற்சியாக்கினார்கள். அதற்குத் துணைநின்றது சாட்சியின் நினைவைப் பற்றிய உளவியல்.

இங்கும் வழி இருக்கிறது. சாட்சியின் வாக்குமூலத்தை ஒலி-ஒளியாகப் பதிவுசெய்யச் சட்டம் அனுமதிக்கிறது. மாணவர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு நிகழ்ச்சியை நடத்தி, ஒருவர் சொல்ல இன்னொருவர் நிலைய வார்ப்பில் எழுதட்டும். பிறகு பதிவையும் தாளையும் அருகருகே வைத்து, எத்தனை ‘ஆம்’ தொலைந்தது, எத்தனை ‘ஆமாங்க’ சம்மதமானது என்று எண்ணட்டும். பிறகு ஆறு மாதம் மாவட்ட நீதிமன்றத்தில் உட்கார்ந்து குறுக்கு விசாரணை கேட்கட்டும்.

குடலில் கலந்த விஷத்தைக் கண்டுபிடிக்கச் சென்னையில் 1849இலேயே வேதியியல் ஆய்வுக்கூடம் வந்துவிட்டது. வாக்குமூலத்தில் கலந்ததைக் கண்டுபிடிக்கும் ஆய்வுக்கூடமாக ஒரு பல்கலைக்கழக வகுப்பறையாவது மாறட்டும். அந்த வகுப்பில் படித்த ஒருவர் அன்று நீதிமன்றத்தில் இருந்திருந்தால், அந்த அம்மா பிறழவில்லை, முதல் நாளிலிருந்து ஒரே சொல்லைத்தான் சொல்லியிருக்கக்கூடும் என்று எழுந்து சொல்லியிருப்பார்.