பாட்டுக்கு முன்னே பத்து வரி

இராசபாளையத்திலாயினும் திருவில்லிபுத்தூரிலாயினும், பள்ளி இசை விழா என்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னே ஒரு மாணவனோ மாணவியோ ஒலிபெருக்கியின் முன் வந்து நிற்பதுண்டு. கையில் ஒரு தாள். தாளில் பத்து வரி. அந்தப் பத்து வரியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். சிறு பொருள் என்று சிரிப்போர் சிரிக்கட்டும்! இளைஞர் பலர் ஊரறியப் பேசும் முதற் பேச்சு அதுவன்றோ?

"காலத்தை வென்ற, கருத்துச் செறிந்த, காதுக்கினிய கானம் இதோ!" பெரும்பாலான அறிமுகங்கள் இந்தப் போக்கிலேயே அமைகின்றன. இவ்வரி தாலாட்டுக்கும் பொருந்தும், ஒப்பாரிக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதனையும் அறிமுகம் செய்வதில்லை. அடுக்குமொழி நமக்குப் பகையன்று. தமிழ் மேடையைப் பொதுமக்கள் மேடையாக்கியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆனால், அன்று அடுக்குக்குப் பின்னே செய்தி நின்றது. செய்தியில்லா அடுக்கு வெறும் பதர்.

விழாவின் முதற் பாட்டையே எடுத்துக் கொள்வோம். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு "எழுந்து நிற்கவும்" என்பதோடு அறிமுகம் முடிகிறது. அது 1891 இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தில் உள்ளது. எழுதிய சுந்தரனார் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கியவர். 1970 இல் அரசு விழாக்களுக்குரிய வாழ்த்தாயிற்று. 2021 இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. இவற்றைச் சொல்ல அரை நிமிடம் போதும். எழுந்து நிற்பவர், எதற்காக நிற்கிறோம் என அறிய வேண்டாவா?

அடுத்து ஆண்டாள் பாட்டு. துளசிச் செடியடியில் குழந்தை கிடைத்த கதையே அறிமுகமாகிவிடுகிறது. புராணத்தைப் புராணம் என்றே சொல்லட்டும். வரலாறு போலச் சொல்ல வேண்டா. ஆழ்வார் பன்னிருவருள் பெண் இவர் ஒருவரே. திருப்பாவையில் 30 பாடல். நாச்சியார் திருமொழியில் 143. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண், தன் விருப்பத்தைத் தன் வாயால், தமிழில் சொன்னார். பக்தி நமக்கு உடன்பாடன்று. அந்தத் துணிவை மறைப்பதும் உடன்பாடன்று. தெய்வமாக்கிப் பல்லக்கில் ஏற்றியதில் கவிஞர் காணாமற் போனார். ஒலிபெருக்கியின் முன் நிற்கும் மாணவிக்கு உரியவர் அந்தக் கவிஞரே!

செய்திக்குப் பஞ்சமில்லை. 16 ஆம் நூற்றாண்டில் கிருட்டிண தேவராயர் ஆண்டாளைப் பற்றித் தெலுங்கில் இயற்றியது 'ஆமுக்த மால்யதா'. அதனைத் தமிழாக்கிச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர் இராசபாளையத்து அறிஞர் மு. கு. ஜகந்நாத ராஜா. ஓர் ஊரின் கவிஞரைப் பற்றிய காவியம் வேற்றுமொழி சென்று, அடுத்த ஊரார் கையால் தமிழுக்கு வந்திருக்கிறது. அவ்விரண்டு ஊர் மேடைகளிலும் இதைச் சொன்னால் மக்கள் செவி சாய்க்க மாட்டார்களா?

1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்ததன் நோக்கம் என்ன? கேட்பவர் மொழியில் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பதன்றோ? தமிழில் பாடியும் பொருள் அறியாமல் கைதட்டிக் கலைவோமானால், அந்த முயற்சி பாதி வழியில் நிற்கிறது என்பதே பொருள். விழாவுக்கு வந்து அமர்ந்திருப்போர் நூற்பாலையிலும் தறியிலும் பகலெல்லாம் உழைத்த பெற்றோர். அவர்களுக்குப் பாட்டின் கதவைத் திறந்துவிடும் பொறுப்பு அந்தப் பத்து வரிக்கு உண்டு.

ஆசிரியப் பெருமக்களே! எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்விக்காதீர்கள். எழுதியவர் யார், காலம் எது, பாட்டு என்ன சொல்கிறது, அது எனக்கு உடன்பாடா என்னும் நான்கு வினாக்களை மாணவரிடம் கொடுங்கள். விடையை அவர்களே தேடி, அவர்களே எழுதட்டும். நடை சற்றுத் தடுமாறலாம், தடுமாறட்டும்! சொந்தச் சிந்தனையின் தடுமாற்றம், இரவல் புகழ்ச்சியின் சரளத்தினும் மேலானது.